எழுத்து விளையாட்டுக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் குழு செய்ததையும், செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாததையும் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். டீ, வடைச் செலவு பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேட்கலாம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும் வழக்கப்படி 11 கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையோடு போயிற்று.

முதல் சில கூட்டங்களில் விளையாட்டு மட்டும்தான். டெக்ஸ்ட் அட்வெஞ்சர் எனப்படும், எழுத்தாலேயே ஆடும் கணினி விளையாட்டுகளுக்கு முன்னோடியான 'அட்வெஞ்சர்' விளையாட்டை எடுத்துக்கொண்டோம். படம் கிடையாது, ஒலி கிடையாது. நாம் எங்கே நிற்கிறோம் என்று சில வரிகள் வரும். என்ன செய்யப்போகிறோம் என்பதை ஓரிரு சொல்லில் நாம் தட்ட வேண்டும். 1970களின் நடுவில் இதை எழுதிய வில் கிரௌதர் கணினி நிரலர், கூடவே குகைகளில் இறங்கி அளந்து வரைபடம் போடுகிறவர். அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகைத் தொகுப்பில் தான் நடந்த பகுதியையே தன் மகள்கள் விளையாடுவதற்காக எழுத்தில் கொண்டுவந்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து டான் உட்ஸ் அதைப் பெரிதாக்கினார். அவருடைய வடிவத்தில் முழு மதிப்பெண் 350. நம் குழுவில் யாரும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி தெரியும் சுரங்கச் சிக்கலில் மாட்டி, கையிலிருந்த பொருள்களை இடத்துக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைத்துத்தான் வெளியே வந்தோம். வரைபடம் போட்டே இரண்டு கட்டக் கோட்டு நோட்டுகள் தீர்ந்தன.

அப்புறம்தான் சொந்தமாகத் தமிழில் ஒன்று செய்யும் ஆசை வந்தது. கிரௌதர் தனக்குக் கால் பழகிய இடத்தை எழுதினார் அல்லவா? நாமும் உறுப்பினர் ஒருவரின் பாட்டி வீட்டை எடுத்துக்கொண்டோம். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு. மின்சாரம் போன இரவு, பெட்டிச் சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. இவ்வளவுதான் கதை.

கதை ஒரு மாதத்தில் முடிந்தது. இலக்கணம் ஐந்து மாதம் பிடித்தது.

ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், பொருளின் பெயர் மாறாமல் பின்னால் நிற்கும். நமக்கு வினை கடைசியில் வருகிறது. அதைத் திருப்பிவிடலாம், பெரிய வேலையில்லை. பெயர்தான் படுத்தியது. விளக்கு என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஆடுகிறவர் 'விளக்கை எடு' என்று தட்டினார். 'அப்படி எதுவும் இங்கே இல்லை' என்றது.

பழைய 'அட்வெஞ்சர்' ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே பார்க்கும். அது ஓடிய பிடிபி-10 கணினியின் நினைவகத்தில் ஓரிடத்துக்கு ஐந்து எழுத்துதான் அடங்கும். சரி, நாமும் ஐந்தோடு வெட்டுவோம் என்றார் ஒருவர். விளக்கு நமக்கு நாலு எழுத்து, கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு கணக்கில் ஏழு குறி. ஐந்தில் வெட்டினால் விளக்கு, விளக்கை இரண்டும் 'விளக்' என்று ஒன்றாகிவிடுகின்றன. கைதட்டல். அடுத்த வாரமே ரேழி மூலையில் கிடந்த விளக்குமாறு ஏற்றப்பட்டு, வீடெல்லாம் வெளிச்சமாயிற்று. இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூல விளையாட்டிலும் வடக்கு, வடகிழக்கு இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்கள் ஐந்தெழுத்தில் ஒன்றாகிப் போனதால், வடகிழக்கைச் சுருக்கித் தட்டுமாறு ஆடுகிறவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நம் உறுப்பினர் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஓர் அட்டவணை போட்டுத் தந்தார். மரம் மரத்தை ஆகும். வீடு வீட்டை, கயிறு கயிற்றை. ஆனால் துண்டு துண்டைதான், ஒற்று இரட்டிக்காது. நெடில்தொடர், உயிர்த்தொடர், மென்தொடர் என்று அவர் சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் "குற்றியலுகரம் இதுக்குத்தானா சார்?" என்றார். அதை அப்படியே நிரலில் ஏற்றினோம்.

அதோடு முடியவில்லை. 'கதவை திற' என்று தட்டியவருக்குக் கதவு திறந்தது. 'கதவைத் திற' என்று ஒற்றுப் போட்டு ஒழுங்காக எழுதிய தமிழாசிரியருக்குத் திறக்கவில்லை. அன்று அவர் டீ குடிக்காமல் போனார். க், ச், த், ப் கடைசியில் வந்தால் உதறிவிட்டுப் பார்க்கும் வரியை இரவோடு இரவாகச் சேர்த்தோம்.

பிப்ரவரியில் எல்லோரையும் ஆடவிட்டோம். இத்தகைய எழுத்து விளையாட்டுகளுக்காக 1995 முதல் நடந்துவரும் ஐஎஃப்காம்ப் போட்டியில் நடுவர்கள் முதல் இரண்டு மணி நேர ஆட்டத்தை வைத்தே மதிப்பெண் போட வேண்டும். அந்த விதியையே நாமும் வைத்துக்கொண்டோம். கிணற்றுச் சாவியை எடுக்கப் பரணிலிருக்கும், கொக்கிகள் கொண்ட பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. சமையல் கரண்டி என்று நினைத்து அடுக்களைக்கு எடுத்துப்போய்ப் பாத்திரம் தேடினார்கள். ஒருவர் 'கிணற்றில் குதி' என்று தட்டினார். அதற்கு நாம் பதிலே எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதிவிட்டோம்.

பள்ளிப் பிள்ளைகள் ட்வைன் என்ற கதை செய்யும் மென்பொருளில் செய்த மூன்று கதைகளையும் சொல்ல வேண்டும். அதில் ஆடுகிறவருக்குத் தட்டச்சே கிடையாது, இணைப்பைத் தொட்டால் அடுத்த பத்தி வரும். ஒரே மதியத்தில் முடித்தார்கள், நன்றாகவும் இருந்தன. இனி எல்லோரும் அதிலேயே செய்யலாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கண்முன் இருக்கும் மூன்று வழிகளில் ஒன்றைத் தொடுவதும், வழியே தெரியாமல் 'கிணற்றை எட்டிப் பார்' என்று நாமே தட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல. இதை இன்று பொதுக்குழு பேசி முடிவு செய்யட்டும்.

வரும் ஆண்டில் 'எடு' மட்டுமல்லாமல் 'எடுங்கள்', 'எடுத்துக்கொள்' எல்லாவற்றையும் விளையாட்டுக்குப் புரியவைக்க வேண்டும். நிரல் எழுத ஆள் இருக்கிறது. தப்பும் தவறுமாகத் தட்டிப் பார்க்கத்தான் ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்