காவடி இறக்கியதும் பற்றவைத்த சிகரெட்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2026 பிப்ரவரி 1ஆம் தேதி தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணிமலைக் கோயிலுக்குக் காவடி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். ஊர்க்கதைகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சிகரெட்டை எப்படி விடுவது என்று நீ கேட்டிருக்கிற கேள்விக்கே பக்கம் நிறைந்துவிடும்.

"48 நாள் விரதத்தில் ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. காவடி இறக்கிய அன்றைக்குச் சாயங்காலமே பற்றவைத்துவிட்டேன். அப்புறம் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் வாங்கி ஒட்டினேன், நிக்கோட்டின் கம் வாங்கி மென்றேன், ஒன்றும் சரிவரவில்லை. எனக்கு மனவலிமை போதாது" என்று எழுதியிருக்கிறாய். மனவலிமை இல்லாதவன் 48 நாள் இருக்கமாட்டான், அந்தப் பேச்சை விடு. தப்பு நடந்த இடமே வேறு.

சிகரெட்டில் ஆளை அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டினை நிறுத்தினால் உடம்பின் தவிப்பு இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் 48ஆம் நாள் சிகரெட்டைக் கேட்டது உன் உடம்பு இல்லை. கேட்டது அந்த நாற்காலி. 2019 ஜனவரி 1இலிருந்து சாப்பாட்டுக் கடைக்குள் பிடிக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போ என்று சட்டம் வந்ததிலிருந்து, மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) வெளியே கால்வாய் ஓரம் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி கிடக்குமே, அதுதான். ஒரு கையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ), எதிரே கூட்டாளி, அவன் நீட்டுகிற பெட்டி. விரதத்தில் நீ அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் தனிப் பாய், தனிப் பாத்திரம், எல்லாருக்கும் சைவச் சாப்பாடு. சாயங்காலம் கோயில். மாலை போட்டவனுக்குச் சிகரெட் நீட்ட யாருக்கும் துணிச்சல் வராது. உன்னைச் சுற்றி ஒரு வேலியே இருந்தது. காவடி இறக்கியதும் வேலியைப் பிரித்துவிட்டார்கள். முடியும் தேதி முன்பே தெரிந்த விரதம் அது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த தைப்பூசம்வரை காத்திருக்காதே. இந்த மாதம் மூன்றாம் வாரம் ரமலான் நோன்பு தொடங்குகிறது. பிறை ஊரில் இருக்கிற உன் தொழிற்சாலை வாசலில் சிகரெட் பிடிக்கிற மூலை பகலில் ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கும், மலாய்க் கூட்டாளிகள் நோன்பில் இருப்பார்கள். முதல் வாரத்தை அதற்குள் வைத்துக்கொண்டால் பாதிப் பாரம் குறையும். நோன்பு திறந்த பிறகுதான் ஆபத்து நேரம். அந்த நேரத்தில் உனக்கு ஷிப்ட் இருந்தால் ஓய்வு இடைவேளையைக் கேண்டீனுக்குள்ளேயே கழி.

இப்போது மருந்துக்கு வருகிறேன். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் பேட்சும் கம்மும் உன்னைக் கைவிடவில்லை, நீதான் அவற்றைத் தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறாய்.

முதலில் அளவு. "குறைவாகத் தொடங்கலாமே என்று 7 மில்லிகிராம் பேட்ச் வாங்கினேன்" என்கிறாய். அது கடைசி இரண்டு வாரத்துக்கு உரியது. நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிக்கிறவர் 24 மணி நேரப் பேட்சில் 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம் ஒட்ட வேண்டும். பிறகு 14இல் இரண்டு வாரம், 7இல் இரண்டு வாரம். மொத்தம் பத்து வாரம். (16 மணி நேரத்துக்கான பேட்சும் உண்டு. அதற்கு எண்கள் 25, 15, 10 என்று இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.) நாளுக்கு இருபது பிடித்த உடம்புக்கு 7 என்பது பசித்தவனுக்கு ஒரு கரண்டிக் கஞ்சி மாதிரி.

அடுத்தது ஒட்டிய விதம். குளித்து, தேங்காயெண்ணெய் தடவி, பவுடரும் போட்ட தோளில் ஒட்டினால் பினாங்கு வெயிலுக்கு மதியத்துக்குள் சுருண்டு சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் சோப்பால் கழுவு, நன்றாகத் துடைத்து உலர விடு. எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. மேல்கை, நெஞ்சு, முதுகின் மேல்பகுதி, இதில் முடி இல்லாத இடமாகப் பார். முடி இருந்தால் கத்தரியால் வெட்டு, சவரம் செய்த தோலில் ஒட்டினால் எரியும். ஒட்டியதும் உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடி, ஓரங்களை விரலால் நீவு. மறுநாள் வேறு இடம். ஒரே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் சிவந்து அரிக்கும். இராத்திரி ஷிப்ட் வாரத்தில் "காலையில்" என்று பார்க்காதே, தூங்கி எழுந்ததும் ஒட்டு. கனவுகள் ரொம்பத் துலக்கமாக வந்து தூக்கம் கெட்டால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் போடு. அதில் மிச்சம் இருக்கிற நிக்கோட்டின் சின்னப் பிள்ளை வாயில் வைத்தால் விஷம்.

கம் சாப்பிட்டால் விக்கல், நெஞ்செரிச்சல் என்றாய். சூயிங் கம் மாதிரி விடாமல் மென்றிருக்கிறாய். அப்படி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அதற்கு வேலை கிடையாது, எரிச்சல்தான் மிச்சம். அது உறிஞ்சப்பட வேண்டியது கன்னத்தின் உள்தோலில். மெதுவாக மெல்லு. மிளகுக் காரம் மாதிரி ஒரு சுறுசுறுப்பு நாக்கில் ஏறும். ஏறியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வை. காரம் அடங்கியதும் மறுபடி சில மெல்லல், மறுபக்கம் ஒதுக்கல். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும்.

இதில் கோப்பிக்கும் கம்முக்கும் ஆகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோப்பி, ஐஸ் லீமாவ் (எலுமிச்சைச் சாறு), கோலா எல்லாம் வாயைப் புளிப்பாக்கும். புளித்த வாயில் நிக்கோட்டின் உறிஞ்சாது. கம் போடுவதற்கு முன் கால் மணி நேரமும், கம் வாயில் இருக்கும்போதும் தண்ணீர் மட்டும்தான். இன்னொன்று, சிகரெட்டின் நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளையைத் தொடும். கம்முக்கு இருபது முப்பது நிமிடமாவது வேண்டும். தவிப்பு வந்த பிறகு கம்மைத் தேடினால் அது வந்து சேர்வதற்குள் நீ வாசலுக்குப் போயிருப்பாய். ஷிப்ட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே போட்டுவிடு. கம் மட்டும் என்றால், எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. பேட்சும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 2 போதும், அதை மருந்தாளர் முடிவு செய்யட்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிடப் பலன் தரும் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். பேட்ச் அடித்தளம், கம் திடீர் மழைக்குக் குடை.

மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரவெல்லாம் விழிப்பு என்று எழுதியதில் பாதி, கோப்பியின் வேலையாக இருக்கலாம். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். தூண்டுவது புகை, நிக்கோட்டின் இல்லை, ஆகவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்து, அதே அஞ்சு கோப்பி இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். ஆள் "சிகரெட் இல்லாததால்தான் இப்படி" என்று நினைத்து ஒன்றைப் பற்றவைப்பான். முதல் நாளே கோப்பியைப் பாதியாக்கு. மாலைக்கு மேல் வேண்டாம்.

நீ சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போடுவதால் இதையும் கேள். சிகரெட்டை விட்ட பிறகு இன்சுலின் உடம்பில் முன்பைவிட நன்றாக வேலை செய்யத் தொடங்கலாம், சர்க்கரை தாழலாம். தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், பசி, எரிச்சல். சிகரெட் தவிப்பிலும் நடுக்கமும் பசியும் எரிச்சலும் உண்டு. எது எது என்று ஊகிக்காதே, விரலில் குத்திப் பார். முதல் சில வாரம் வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்து எண்களை எழுதி வை, ஊசி அளவை டாக்டர் மாற்றட்டும். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று மிட்டாய் பக்கம் போகாதே, வறுத்த கடலை, வெள்ளரித் துண்டு, கிராம்பு போதும். எடை ஏறும், ஒரு வருடத்தில் நாலைந்து கிலோ சாதாரணம். அதற்குப் பயந்து யாரும் விடாமல் இருக்க வேண்டாம்.

இனி கிளினிக். தனியாக மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு இருக்காதே. உன் வட்டார கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) "பெர்ஹெந்தி மெரோகோக்", அதாவது புகையை நிறுத்தும் கிளினிக் உண்டா, எந்த நாளில் என்று போன் போட்டுக் கேள். புகையை விட உதவும் எம்குயிட் சேவை அங்கேதான் நடக்கிறது, சில தனியார் மருந்துக்கடைகளிலும் உண்டு. குடிமக்களுக்குப் பதிவு ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஒரு பெட்டி பதினேழு வெள்ளிக்கு மேல் விற்கிற காலத்தில் வருஷம் ஆறாயிரத்துச் சொச்சத்தைப் புகையாக்குகிறாய், கணக்குப் போட்டுப் பார்.

அங்கே ஆறு கேள்வி கேட்பார்கள், ஃபாகர்ஸ்ட்ராம் சோதனை என்று பெயர், நிக்கோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்று அளப்பது, மொத்தம் பத்து மதிப்பெண். நீ எழுதியதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். கண் விழித்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட், அதற்கு 3. நாளுக்கு இருபது, 1. விட மிகவும் கஷ்டமானது காலைச் சிகரெட், 1. காலையில்தான் அதிகம், 1. காய்ச்சலில் படுத்தாலும் பிடிப்பாய், 1. கோயிலில், பஸ்ஸில் அடக்கிக்கொள்ள முடியும் என்பதால் அதற்கு 0. ஆக ஏழு. ஏழு என்றால் மருந்து இல்லாமல் விடச் சொல்வது அநியாயம்.

பிறகு ஒரு சின்னக் கருவியைத் தருவார்கள். மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, மெதுவாகக் கடைசிவரை ஊத வேண்டும். உன் மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று எண் வரும். தினம் ஒரு பெட்டி பிடிக்கிறவருக்குப் பெரும்பாலும் பத்துக்கு மேல். பிடிக்காதவருக்கு ஐந்தாறுக்குள். விட்டு ஓரிரண்டு நாளிலேயே அந்த எண் இறங்கிவிடும். எடை பார்க்கும் தராசு மாதிரி இல்லை, உடனே பலன் காட்டும், அதுதான் அந்தக் கருவியின் அழகு. ஆனால் வேப் (மின்சிகரெட்) பிடிப்பதை அது காட்டாது. வேப்புக்கு மாறலாமா என்றாய். பேட்சில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும், எப்போது குறைப்பது என்று அட்டவணை இருக்கும். வேப்பில் எப்போது முடிப்பாய்? அக்டோபர் 2024இல் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டமான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதுவும் சிகரெட்டோடு சேர்ந்துதான் நிற்கிறது.

டாக்டர் சிகரெட் தவிப்பைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை எழுதினால் பயப்படாதே. முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒருவேளை, நாலிலிருந்து ஏழாம் நாள்வரை அரை மில்லிகிராம் இருவேளை, பிறகு ஒரு மில்லிகிராம் இருவேளை, மொத்தம் 12 வாரம். முதல் வாரம் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம், எட்டாம் நாள் நிறுத்த வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டபின் முழு டம்ளர் தண்ணீரோடு போடு. 2021இல் திரும்பப் பெற்றார்களே என்பாய். அது ஒரு நிறுவனத்தின் மாத்திரையில் நைட்ரோசமைன் என்ற வேண்டாத ரசாயனத்தின் கலப்பு அளவு மீறியதால். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், சர்க்கரைக்காரன் நீ, முன்பே சொல்லிவிடு. கிளினிக்கில் எது இருப்பில் இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள், அதையும் போனிலேயே கேட்டுக்கொள்.

கடைசியாக வேலி. தங்கச்சியிடம் "இன்றைக்குப் பிடித்தாயா" என்று மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல். அந்தக் கேள்விதான் ஆளைப் பொய் சொல்ல வைக்கும். அதற்குப் பதில் சாம்பல் தட்டு, லைட்டர், மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஒளித்தது எல்லாவற்றையும் முதல் நாள் இரவே இருவரும் சேர்ந்து குப்பையில் போடுங்கள், ஈரமாக்கிப் போடுங்கள். காவடிக் குழுவில் ஒருவரைத் தேர்ந்தெடு, முன்பு பிடித்து விட்டவராக இருந்தால் நல்லது. தவிப்பு வந்தால் அவருக்கு வாட்ஸாப்பில் ஒரு புள்ளி அனுப்பினால் போதும், அவர் அழைக்க வேண்டும் என்று பேசி வை. ஒரு தவிப்பு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான். ஒரு போன் பேச்சுக்குள் அது கடந்துவிடும்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் பேட்சைக் கழற்றாதே. பேட்ச் ஒட்டியபடி பிடித்தால் மாரடைப்பு வரும் என்று வீணாகப் பயந்து கழற்றுகிறார்கள், பிறகு அதுவே சாக்காகிப் பெட்டியே வாங்கிவிடுகிறார்கள். மிச்சத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அட்டவணையைத் தொடர். எங்கே, யாரோடு, என்ன குடித்துக்கொண்டிருந்தபோது என்று மட்டும் குறித்து வை, மறுவரவில் கிளினிக்கில் அதைத்தான் கேட்பார்கள்.

வயது ஐம்பதாகிவிட்டது, இனி என்ன என்று ஒரு வரி எழுதியிருந்தாய். பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய ஆறு வருஷம் திரும்பக் கிடைத்தது. அறுபதில் விட்டவர்களுக்கு மூன்று.

போனை நாளைக்கே போடு. கருவியில் ஊதியதும் வந்த எண்ணை அன்றைக்கு இரவு எனக்கு அனுப்பு. விட்ட மூன்றாம் நாள் எண்ணையும்.

அன்புடன்,
உன் கூட்டாளி