முளையை ஆட்டிப் பார்க்கிறாள்

சத்துவாச்சாரி, வேலூர்
சித்திரை கடைசி வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. போனில் பேசலாம்தான். ஆனால் நீ அழ ஆரம்பித்தால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். குட்டி தூங்கின பிறகு படி. அவள் கையில் அகப்பட்டாலும் பாதகமில்லாத மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

"நீ என்ன பெத்தியா?" என்று அவள் கேட்டாள். நீ ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அவள் சாப்பிடாமல் படுத்தாள். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ரெண்டு பேரும் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டீர்கள். அவள் கேட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த நாஷ்டாதான் கவலையாக இருக்கிறது.

ஆறு வயசில் தத்து வந்தவளுக்கு இப்போது பதின்மூன்று. சின்னதில் "உன்னை ஹோமில் பார்த்தோம், பிடித்துப்போச்சு, கூட்டிக்கொண்டு வந்தோம்" என்பது தூங்கப்போகும்போது கேட்கிற கதை. பன்னிரண்டு, பதின்மூன்றில் பிள்ளையின் புத்தி அந்தக் கதைக்கு முந்தின பக்கத்தைப் புரட்டும். நீங்கள் எடுத்தீர்கள் என்றால் அதற்கு முன்னால் யாரோ விட்டிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அம்மாவை விட்டு நாலடி தள்ளி நடக்கிற வயசும் இதுதான். பெற்ற பிள்ளை கயிறு எவ்வளவு நீளம் என்று இழுத்துப் பார்க்கும். இவளோ அந்தக் கயிறு கட்டின முளை ஆழமாக அடித்திருக்கிறதா என்றே ஆட்டிப் பார்க்கிறாள். நீ கதவைச் சாத்தினாய் என்றால் முளை நகர்ந்தது என்று அவளுக்குக் கணக்கு. அடுத்த தடவை இன்னும் பலமாக ஆட்டுவாள், இல்லாவிட்டால் ஆட்டுவதையே விட்டுவிடுவாள். ரெண்டாவதுதான் மோசம். சண்டை போடாத, எதுவும் கேட்காத, முட்டி தேய்ந்து ரத்தம் வந்தாலும் தானே கழுவி மருந்து போட்டுக்கொள்கிற பிள்ளையை ஊர் "பொறுப்பு" என்று மெச்சும். அந்த மாதிரிப் பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மறுபடியும் கேட்பாள். அப்போது இப்படிச் சொல்: "நான் பெக்கல, அது நெசம். பத்து மணிக்கு மேல போன் கெடையாது, அதுவும் நெசம்." ரெண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். முதலாவதில் குரல் உடைந்தால் உன்னை எங்கே தட்டினால் வலிக்கும் என்று தெரிந்துகொள்வாள். ரெண்டாவதில் இறங்கிப்போனால், இந்த அம்மா தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று தெரிந்துகொள்வாள். பயப்படுகிற அம்மாவிடம் எந்தப் பிள்ளை சாய்ந்துகொள்ளும்?

சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்காதே. கோபம் ஏறின உடம்பு இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் சொல்கிற புத்திமதி ஒன்றும் உள்ளே போகாது. உன் கதவு திறந்தே இருக்கட்டும். தட்டில் சோறு போட்டு மூடி வை. அன்றைக்கே, தூங்குவதற்குள், நீதான் போக வேண்டும். அவள் வரட்டும் என்று காத்திருந்தால் ராத்திரி முழுக்க அவள் தன்னை விட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். "நீ சொன்னது வலிச்சுது. நான் எங்கயும் போகல. சாப்பிடு." போதும். மன்னிப்புக் கேள் என்று நிற்காதே, காலையில் கேட்டால் வாங்கிக்கொள்.

வாயில் வரவே கூடாதது ரெண்டு. ஒன்று, "உனக்காக எவ்வளவு செஞ்சேன்". பெற்ற பிள்ளைக்கு அது வெறும் புலம்பல், இவளுக்குக் கடன் சீட்டு. "புண்ணியம் பண்ணினீங்க" என்று சொந்தக்காரர்கள் அவள் எதிரிலேயே உன்னிடம் சொல்கிறார்களே, அதையும் நீதான் தடுக்க வேண்டும். இன்னொன்று, திருப்பி அனுப்பிவிடுவேன் என்பது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். மாப்பிள்ளை ஒன்பதாவதுக்கு ஹாஸ்டல் பள்ளி என்று சொன்னாராம். படிப்புக்கு நல்லதாகவே இருக்கட்டும். வரிசைக் கட்டிலும், மணி அடித்தால் சாப்பாடும், டிரங்குப் பெட்டியும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஹாஸ்டலும் ஹோமும் ஒன்றுதான். ப்ளஸ் டூ முடிக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்.

இப்போது பெற்றவளைப் பற்றி. இதுதான் முக்கியம், இதில்தான் நீ நழுவுகிறாய். அந்தப் பேச்சு வந்ததும் உன் முகம் மாறுகிறது. பிள்ளை முகத்தைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு வலிக்கிறது, இதை இனிக் கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும். ஒன்றைப் பேச முடியாத வீட்டில் நாளைக்கு வேறு எதையும் பேச வராது, பையன் தொந்தரவு என்றாலும் வராது.

நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசாதே, விசாரணை மாதிரி ஆகிவிடும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, கண் வேறு வேலையில் இருக்கையில் பத்து நிமிஷம் பேசு. பரீட்சைக்கு முந்தின நாளும் படுக்கப்போகும் நேரமும் ஆகாது. நீயே சும்மா ஒரு நூலை விடு: "இந்தச் சுருட்டை முடி உன்னைப் பெத்தவங்ககிட்ட இருந்து வந்திருக்கும்." எடுத்தால் பேசு, விட்டால் விடு. அந்த அம்மாவைப் பாவி என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதே. "உன் மேல இருந்த பாசத்துலதான் விட்டாங்க" என்ற சமாதானமும் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாசம் வைத்தவர்கள் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளை படித்துக்கொள்ளும், பிறகு நீ கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் அவளுக்கு உதறும். "வளர்க்க முடியாத நிலைமை அவங்களுக்கு. உன்கிட்ட ஒரு குறையும் இல்ல." தெரியாததற்குத் தெரியாது என்றே சொல், இட்டுக்கட்டாதே.

பீரோவில் இருக்கிற காகிதங்களை எடு. பிள்ளையைப் பற்றின ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, தத்து உத்தரவு, ஹோமில் எடுத்த போட்டோ, வரும்போது போட்டிருந்த கவுன். ஜெராக்ஸ் ஒரு செட் எடுத்து அவள் பேரில் ஒரு பெட்டியில் வை, அசல் உன்னிடம் இருக்கட்டும். அதில் கசப்பான விஷயம் இருந்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல், தானாகப் படித்துத் தெரிந்துகொள்ள விடாதே. 2015 சிறார் நீதிச் சட்டப்படி பிள்ளையின் வயசையும் புரிதலையும் பார்த்து அதன் விருப்பத்தையும் கருதித்தான் உத்தரவு போட வேண்டும். "நாங்க உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்பதோடு நிறுத்தாமல் அதையும் சொல், அவளுக்கும் அதில் பங்கு உண்டு. தன் வேரை, பெற்றவர்களைத் தேட வேண்டும் என்றால் 18 முடிந்த பிறகு அவளே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் என்றால் உங்களோடு சேர்ந்து. மூன்றாம் மனுஷர் யாரும் அவளுக்காகத் தேட விதி இல்லை. பெற்றவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சம்மதம் கேட்ட பிறகுதான் நகரும். இதை இப்போதே சொல்லிவை. நீ தடுக்கப்போவதில்லை என்று தெரிந்தால் அவசரம் பாதி குறையும்.

பத்தாவது அறிவியலில் மரபியல் வரும். யாருக்கு அப்பா மூக்கு, யாருக்கு அம்மா காது என்று வகுப்பில் கேட்பார்கள். அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் சரி என்றால் மட்டும், கிளாஸ் டீச்சர் ஒருத்தரிடம் முன்கூட்டியே சொல்.

தலையணை உறைக்குள் பிஸ்கட் இருந்தது என்றாயே. திருட்டு இல்லை அது. பசித்த காலத்தை மனசு மறந்தாலும் வயிறு மறக்காது, பரீட்சை மாதிரி நெருக்கடி வந்தால் பழைய பழக்கம் தலைகாட்டும். ஒரு டப்பாவை அவள் ரூமில் வை. கடலை உருண்டை, முறுக்கு, எறும்பு வராததாக. நீயே நிரப்பு, எண்ணாதே. காலி ஆவதும் நிரம்புவதும்தான் வைத்தியம். பிறந்தநாளுக்கு முந்தின வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இந்த ரகம்தான். அன்றைக்கு அவளும் அந்த அம்மாவை நினைப்பாள். கேக்கை மறுநாள் வெட்டினால் குடி முழுகிவிடாது.

வைகாசி 1 குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருவீர்கள் இல்லையா, அங்கே "யார் சாயல்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "அவ அவளோட சாயல்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. (ஊரே கும்பிடுகிற அந்த அம்மனுக்குத் தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது. அவள் முன்னால் நின்றுகொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.) மஞ்சள் நீராட்டு வேண்டுமா என்று முதலில் அவளைக் கேள். வேண்டும் என்றால் தாய்மாமன் சீர் உன் தம்பி கொண்டுவருவான், தட்டில் ஒன்றுகூடக் குறையாது. உன் மாமியார் பக்கத்தில் யாராவது முணுமுணுத்தால் அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், நீ வாய் திறக்காதே.

உன்னையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனில் ஒரு ஆய்வில், தத்தெடுக்கப்போகிற அம்மாக்களிடம் முதலில் அவர்களுடைய சின்ன வயசைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு நாலிலிருந்து எட்டு வயசில் அவர்களிடம் வந்த பிள்ளைகளுக்குப் பொம்மைகளைக் கொடுத்து, பாதியில் நின்ற கதையை முடிக்கச் சொன்னார்கள். 2003-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. தன் பழைய கணக்கைத் தீர்க்காத அம்மாவிடம் வந்த பிள்ளையின் கதையில், வந்து மூன்று மாதத்துக்குள்ளேயே, அடிதடி அதிகம் இருந்ததாம். அழுகை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. என்னால் இந்த வயசில் மாற்றிக்கொள்ள முடியாது, உன்னால் முடியும். ஒரு வயசுக்குள் தத்து வந்த குழந்தைகளின் ஒட்டுதல் பெற்ற பிள்ளைகளுடையது போலவே இருக்கிறது, தாமதமாக வந்தவர்களுக்குத்தான் சிரமம் என்று 2009-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆகவே இதெல்லாம் உன் வளர்ப்பின் கோளாறு என்று தலையில் அடித்துக்கொள்ளாதே.

ரெண்டு வாரம் தூக்கம் சரியில்லை, பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள், கையில் கீறல் தெரிகிறது என்றால் தள்ளிப்போடாதே. சாவு பற்றிப் பேசினால் அன்றைக்கே. ராத்திரியில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் பண்ணு, தமிழில் பேசுவார்கள். பகலில் கிளம்பி இங்கே வா, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் பிள்ளைகளுக்கென்றே பிரிவு இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போங்கள். அவளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நீ வராண்டாவில் உட்காராதே.

தம்பி சனிக்கிழமை ஓசூர் வருகிறான். இலவம்பாடி முள்ளுக்கத்திரி ரெண்டு கிலோ கொடுத்து அனுப்புகிறேன். குட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து நறுக்கு. காம்பில் முள் இருக்கும், முதல் ரெண்டு காய்க்குக் காம்பை நீ எடுத்துக் காட்டு, அப்புறம் அவளிடம் விடு.

அம்மா