டென்னிஸ் பிள்ளைகளின் தோளைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டென்னிஸ் ஆடும் பிள்ளைக்கு ஒரு கை மட்டும் பருத்திருக்கிறதே என்று பதறும் பெற்றோர் அதிகம். ஆஸ்திரேலிய டென்னிஸ் வீரர் ராட் லேவரின் இடது முன்கை வலதைவிட நன்றாகவே பெருத்திருந்தது. அந்தக் கையால்தான் 1962இலும் 1969இலும் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்றார். தசை மட்டுமல்ல, எலும்பும் தடிக்கும். 84 தொழில்முறை ஆட்டக்காரர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1977இல் வெளியான ஆய்வில், ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் ஆண்களுக்கு 35 சதவீதமும் பெண்களுக்கு 28 சதவீதமும் கூடுதல் தடிமனாக இருந்தது. சுமைக்கு ஏற்ப உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. வைத்தியம் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது தோள். சர்வ் அடித்த பின் வேகமாக வரும் கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள். ஓயாமல் இழுபட்டு அவை இறுகினால், கை உள்நோக்கித் திரும்பும் அளவு குறையும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிள்ளையைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேற்கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, விரல்கள் கூரையைப் பார்க்கும்படி முழங்கையை மடக்குங்கள். தோளின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கிக்கொள்ளுங்கள். அமுக்காவிட்டால் தோளே எழும்பி, இல்லாத அசைவை இருப்பதுபோல் காட்டிவிடும். இனி முன்கையை முதலில் கால் பக்கமும் பிறகு தலைப் பக்கமும் சாய்த்து, இரு கைகளையும் ஒப்பிடுங்கள். ஆடும் கை கால் பக்கம் குறைந்து, அதே அளவு தலைப் பக்கம் கூடியிருந்தால் பரவாயில்லை. கூட்டிப் பார்த்தால் மொத்தமே குறைகிறது, கால் பக்கம் 20 டிகிரி அளவுக்குக் குறைகிறது என்றால் விடக்கூடாது. இறுக்கத்தைத் தளர்த்த, ஆடும் தோள் அடியில் இருக்க ஒருக்களித்துப் படுத்து, மேற்கையை மார்புக்கு நேரே முன்னால் வைத்து, முழங்கையை மடக்கி, மறு கையால் மணிக்கட்டைத் தரையை நோக்கி மெல்ல அழுத்த வேண்டும். 30 விநாடி, 3 முறை, ஆட்டம் முடிந்த பிறகு. தோளின் முன்பக்கம் சுருக்கென்றால் நிறுத்திவிடுங்கள்.

முழங்கையின் வெளிப்புற வலி பெரும்பாலும் பெரியவர்கள் சமாச்சாரம். பந்தைத் தாமதமாக, மணிக்கட்டு மடங்கிய நிலையில் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் அடிப்பதே முக்கியக் காரணம். 2004இல் சச்சினை உட்காரவைத்ததும் இதே 'டென்னிஸ் எல்போ'தான். அவர் பிடித்தது கனமான கிரிக்கெட் மட்டை! இதில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் நார்கள் நைந்துபோகின்றன. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்கள்தான் மேலாக இருக்கிறார்கள். ஊசிக்கு ஓடுவதற்கு முன், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டுப் பிடியுங்கள். மேலே தூக்க மறு கையின் உதவி. இறக்குவது மட்டும் வலிக்கும் கையால், 4 விநாடி எடுத்து. 15 தடவை வீதம் 3 சுற்று, தினமும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். டென்னிஸ் மட்டையின் பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டு மிருதுவான நைலான் போட்டு, இழுவிசையை 2, 3 பவுண்டு குறையுங்கள். மட்டையைப் பிடித்தால் விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கிரிப், அதாவது கைப்பிடி, மெலிது. கை இறுக்கிப் பிடித்தே களைத்துவிடும்.

பிள்ளைகளுக்கு முழங்கையின் உள்பக்கம் வலித்தால் இந்தப் பயிற்சியெல்லாம் ஆகாது. அங்கே இன்னும் மூடாத வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதி, இருக்கிறது. சர்வ் போடுவதை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. தொடக்க நிலைச் சிவப்புப் பந்து அதைவிட 75 சதவீதம் மெதுவானது. 'சீக்கிரம் முன்னேறட்டும்' என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் மஞ்சள் பந்தைக் கொடுக்கும் கோச்சிடம், சிவப்புப் பந்து எங்கே என்று பெற்றோர் கேட்கலாம்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பிசியோதெரபிஸ்ட்,
மதுரை.