படிவத்தில் இல்லாத கட்டம்

அன்பு மகளுக்கு,

குழந்தையைத் தத்தெடுக்கப் போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கோ சம்பளப் பட்டியல் போட்டே தேய்ந்த புத்தி. உன் விடுப்புக்குச் சம்பளம் எப்படி என்றுதான் முதலில் தோன்றியது. சிரிக்காதே.

"நான் பெறவில்லையே அப்பா, கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்றாய். அதைக் கேட்டதும் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு அம்மா குழந்தையைத் தத்தெடுத்துவிட்டு விடுப்புக்கு எழுதினார். தத்தெடுப்புக்கென்று தனிப் படிவம் கிடையாது. பிரசவம் எதிர்பார்க்கும் தேதி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். நான் சிவப்பு மையில் 'மருத்துவச் சான்று இணைக்கவில்லை' என்று எழுதித் திருப்பினேன். இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவர் வரவில்லை, சம்பளமில்லா விடுப்பில் போய்விட்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை நான்.

ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-இல் கொண்டுவந்த 183-ஆம் உடன்படிக்கையில் மகப்பேறு விடுப்பு குறைந்தது 14 வாரம். பழைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடும் இடங்களில், விடுப்பில் தரும் பணம் அந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. கூடவே வந்த 191-ஆம் பரிந்துரை, தத்தெடுப்புக்குச் சட்டம் உள்ள இடங்களில் தத்தெடுப்பவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதனால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். பிரிட்டனில் தத்தெடுப்பவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு 39 வாரம் பணம் உண்டு. முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், அப்புறம் அரசு வைத்த தொகை அல்லது அதே 90 சதவீதம், எது குறைவோ அது.

சராசரி என்கிற அந்த வார்த்தையில்தான் கவனம் வேண்டும். விடுப்புக்கு முந்தைய சில வாரமோ மாதமோ நீ வாங்கியதை வைத்துத்தான் சராசரி எடுப்பார்கள். நீ இப்போது தத்தெடுப்புக்காக விசாரணை, நேர்காணல் என்று அலைகிறாய். அதற்கெல்லாம் சம்பளமில்லா விடுப்புப் போட்டால், சில இடங்களில் சராசரி அப்படியே இறங்கிவிடும். எந்த மாதங்களை எடுக்கிறார்கள் என்று முதலில் கேள்.

கம்பெனி சட்டத்துக்கு மேல் ஏதாவது சேர்த்துத் தந்தால் சந்தோஷம். ஆனால் திரும்பி வந்து இத்தனை மாதம் வேலை பார்க்காவிட்டால் அந்தக் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும், தேடு. குழந்தையின் வயதுக்கு வரம்பு உண்டா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், மாப்பிள்ளைக்கு என்ன விடுப்பு, எல்லாவற்றையும் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேள். வாய்ப்பேச்சு வேண்டாம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், எழுத்தில் வந்த கேள்விக்குத்தான் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுப்போம்.

விடுப்பு விதிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா என் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

அப்பா