மின்தடை நாள்களில் ஐஸ் விநியோகம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய விசைப்படகு, வள்ளம் உரிமையாளர்களுக்கும், ஏலக்கார அண்ணன்மாருக்கும், விடியுமுன்னே கூடையோடு வந்து நிற்கும் மீன் வியாபாரத் தாய்மாருக்கும் வணக்கம்.

மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 அன்று முடிவடைகிறது. கணவாய் மீன் பருவத்தை எதிர்நோக்கிப் படகுகள் யாவும் ஒரே வாரத்தில் ஐஸ் ஏற்ற வரும் இவ்வேளையில், மின்சாரம் நிற்கும் நாள்களில் எவ்வாறு ஐஸ் வழங்குவோம் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆடிக் காற்றில் மின்கம்பியின் மேல் தென்னை மட்டை விழுவதையும், உப்புக்காற்று படிந்த இன்சுலேட்டர் தூறலில் தீப்பொறி கக்குவதையும் குளச்சலில் தொழில் செய்யும் உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் ஓயாமல் சுழலும் மாதங்களில் நம் தெரு ஏன் இருண்டு கிடக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். உற்பத்தி எவ்வளவு இருந்தாலும் வழியில் கம்பி அறுந்தால் இங்கே ஒன்றும் வந்து சேராது.

சென்ற பருவத்தின் இறுதியில் வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்த ஐஸ் பார் ஒன்றைக் காட்டி, எடையைக் குறைத்து விற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். 50 கிலோ பார் ஒன்று உறைய ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய டின்னில் நீர் ஓரத்திலிருந்து உள்நோக்கியே உறைவதால், நடுப்பகுதி கடைசியாகத்தான் கட்டியாகிறது. நீரில் கரைந்திருந்த காற்றும் உப்பும் அங்கேதான் ஒதுங்குகின்றன. ஆகவே நடுவில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஓட்டை அன்று. இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றால் தாமதம் இரண்டு மணி நேரத்தோடு முடிவதில்லை. குளிர் குறைந்துபோன உப்புநீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே உறைதல் பழைய வேகத்தைப் பிடிக்கும். படகு கிளம்ப நிற்கிறது, இருப்பதைத் தாருங்கள் என்று வற்புறுத்தியவர்களுக்கு, நடு இன்னும் உறையவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே முழுதாக உறையாத பார்களை எடுத்துக் கொடுத்தோம்; அவற்றின் நடுநீர் வடிந்தால் அங்கே ஓட்டை விழும். அந்தப் பேச்சு படத்தில் இல்லை.

இனி மின்தடை நேரத்தில் தொட்டியின் மூடிப் பலகைகள் திறக்கப்பட மாட்டா. பார் எடுப்பதும், புது நீர் நிரப்பிய டின்னை இறக்குவதும் உள்ளிருக்கும் குளிரை வீணாக்கும் என்பதால், அந்நேரத்தில் சேமிப்பு அறையிலுள்ள ஐஸ் மட்டுமே வழங்கப்படும். ஜெனரேட்டரைக் கொண்டு அம்மோனியா கம்ப்ரசர்களில் ஒன்றை ஓட்டலாம். இரண்டையும் ஓட்ட அதற்குத் திறன் போதாது. எங்களைப் போன்ற உயரழுத்த இணைப்புக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை மின்கட்டணம் 25 சதவீதம் கூடுதலாகவும், அதன் பிறகு விடியற்காலை வரை சற்றுக் குறைவாகவும் இருப்பதால், இரவிலேயே முழு வேகத்தில் உற்பத்தி செய்து அறையை நிரப்பி வைப்போம். 2008 இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த மின் கட்டுப்பாட்டுக் காலத்தில் கற்றுக்கொண்ட வழக்கம்தான் இது.

இருப்பு குறையும் நாளில், சாளை, அயிலை மீன்களைக் கொண்டு பேருந்து ஏறும் பெண்களுக்கு அரை பார், கால் பார் என முதலில் கொடுத்துவிடுவோம். அதில் எவருக்கும் மனத்தாங்கல் இராது என்று நம்புகிறோம். அடுத்து, தங்குகடல் செல்லும், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்கு முன்பதிவு வரிசைப்படி வழங்குவோம். முதல் நாள் மாலை 5 மணிக்குள் தேவையைச் சொல்லிவிட்டால், வரிசையில் காத்து நிற்கும் அவதி பெருமளவு குறையும்.

2017இல் ஒக்கிப் புயல் அடித்து, கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையே விழித்திருந்த நாள்களில் ஐஸைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் பின் தொழில் மீண்டும் தொடங்கியபோது, தங்கள் இழப்பையும் பொறுத்துக்கொண்டு பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு முதல் லோடை எங்களிடமே எடுத்தவர்கள் நீங்கள். அந்த நன்றியை எங்கள் வீட்டில் இன்றும் பேசிக்கொள்கிறோம்.

டீசல் செலவை முன்னிட்டு ஆகஸ்ட் 1 முதல் பார் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகும். கடன் கணக்குகள் பருவ இறுதிக்குப் பதிலாக மாதந்தோறும் தீர்க்கப்படும். முன்பதிவை அலுவலக ஜன்னலிலோ வழக்கமான கைப்பேசி எண்ணிலோ செய்யலாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
ஐஸ் தொழிற்சாலை, குளச்சல்