பழவேற்காட்டில் இரண்டு ராத்திரி

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நீ பேட்டரி, சோலார் பேனல், பிரிட்ஜ் எல்லாம் இணைத்துக்கொடுத்த மினி லாரியைப் பழவேற்காடு வரை ஓட்டிவிட்டு நேற்றுதான் வந்தேன். இரண்டு ராத்திரி, வெளிக் கரண்ட் தொடவே இல்லை. உன் ஒயரிங்கில் ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லை, மச்சான்.

முதல் ராத்திரி ஏரிக்கரையில் நிறுத்தினேன். சாயங்காலம் பேட்டரி 100 சதவீதம், விடிந்து பார்த்தால் 44. பகீரென்றது. பிரிட்ஜ், ஃபேன், லைட் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். எல்லாம் நின்ற பிறகும் மீட்டரில் 16 வாட் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர்! போன் சார்ஜுக்காகப் போட்டதை அணைக்காமல் தூங்கிவிட்டேன். சும்மா இருந்தே ராத்திரியில் 15 சதவீதத்தைத் தின்றிருக்கிறது. மறுநாள் அதை அணைத்துவிட்டுப் படுத்தேன், செலவு 41 சதவீதம்தான்.

பேனல்தான் குறை. 200 வாட் பேனல், உச்சி வெயிலில் 112 தந்தது. ஏறி விரலை வைத்தேன், கருப்பாக ஒட்டியது. எண்ணூர் சாலைத் தூசி, அதன்மேல் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால் 138! இருந்தும் அன்று சாயங்காலம் 75 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை.

இதையெல்லாம் ஏன் இப்படி உட்கார்ந்து குறிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாமல் அம்மாவின் இன்சுலினை ஐஸ் டப்பாவில் வைத்துக் காத்தோமே. ஐஸ் பட்டு உறைந்தாலும் மருந்து வீண், ஐஸ் கரைந்தாலும் பயம். துணியில் சுற்றிச் சுற்றி வைத்த கை இன்னும் மறக்கவில்லை.

நம் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி. அதாவது 1.28 யூனிட். பிரிட்ஜ் சராசரியாக 25 வாட் எடுக்கிறது, அது மட்டும் ஓடினால் இரண்டு நாள். புயல் மேகத்தில் பேனலை நம்ப முடியாது. ஆனால் வரும் வழியில் கன்டெய்னர் லாரி வரிசையில் ஒரு மணி நேரம் மாட்டினேன் பார், அப்போது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்ற நீ வைத்த 20 ஆம்ப் சார்ஜர் கால் யூனிட் ஏற்றிவிட்டது. பிரிட்ஜுக்குப் பத்து மணி நேரம்! டேங்கில் டீசல் இருந்தால் போதும்.

சரி, இன்னொரு பேனலுக்கு மேலே இடம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்து மாட்டிக்கொடு. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
முருகன்