பறவை பார்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு கூட்டங்கள் மழையால் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் வேலையெல்லாம் கூகை என்ற ஆந்தையின் ஒரே ஒரு ஜோடியைச் சுற்றித்தான் நடந்தது, அதனால் அறிக்கையும் அப்படியே.

பழைய களஞ்சியத்தின் பரணில் நாம் வைத்த மரப்பெட்டி இரண்டு ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. "அது புறாவுக்குத்தான்" என்று கேலி பேசியவர்களில் நானும் உண்டு. இந்த முறை ஆண் கூகை ஓர் எலியைக் கொண்டுவந்து பெட்டி வாசலில் வைத்துப் பெண்ணை அழைத்தது. கூகை கூடு கட்டாது. இரையின் செரிக்காத மயிரையும் எலும்பையும் அது உருண்டையாகக் கக்கும்; அந்த உருண்டைகளையே காலால் கிளறி, அந்த மயிர்ப் படுக்கையில் முட்டையிடும்.

முட்டை எத்தனை என்று பார்க்கும் ஆசையில் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுத்தது நான்தான். டார்ச் வெளிச்சம் பட்டதும் பெண் கூகை வெட்டவெளியில் பாய்ந்தது. எங்கிருந்தோ காக்கைகள் வந்து துரத்த ஆரம்பித்தன. பகலில் கூகை காக்கையிடம் தோற்கும் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம், அன்று கண்ணால் பார்த்தோம். அரை மணி நேரத்தில் அது திரும்பி வந்தது நம் நல்ல நேரம். அடைகாக்கும் தொடக்கத்தில் இப்படிக் கலைத்தால் முட்டைகளையே கைவிட்டுவிடவும் கூடும். சில நாடுகளில் அனுமதியின்றிக் கூட்டைத் திறப்பதே குற்றம். இனி கூகை இருக்கும்போது பெட்டியைத் தொடுவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். உள்ளே இருந்தவை 5 முட்டைகள். அந்தக் கணக்கு தெரிந்ததில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அப்புறம் தூரத்தில் உட்கார்ந்து காதால்தான் பார்த்தோம். கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில், இட்ட வரிசையிலேயே பொரியும். மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைசி வெறும் பஞ்சுருண்டை. இரவெல்லாம் உள்ளிருந்து குறட்டை போன்ற சீறல் கேட்டது. பெற்றோர் இல்லாத நேரத்திலும் கேட்டதுதான் வியப்பு. குஞ்சுகள் அப்போது தங்களுக்குள் பேரம் பேசுகின்றன என்று சுவிட்சர்லாந்தில் ஆய்வு செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதிகப் பசியுள்ளது அதிகம் கத்தும், மற்றவை அந்த முறை விட்டுக்கொடுக்கும். மூத்தது தன் இரையைச் சின்னதுக்கு ஊட்டுவதும் உண்டு. இரை குறைந்த ஆண்டில் சின்னது சாகும், செத்ததை மற்றவை தின்பதும் உண்டு. இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான்.

மாதாந்திரப் பேச்சில் ஓர் உறுப்பினர் ரோஜர் பெய்ன் செய்த சோதனையை விவரித்தார். (திமிங்கிலப் பாட்டை உலகுக்குக் கேட்க வைத்த அதே பெய்ன்.) 1971-ல் வெளியான ஆய்வு அது. கும்மிருட்டு அறையில் சருகுகளுக்கிடையே எலியளவு காகித உருண்டையை இழுத்தார்கள். மணமும் இல்லை, உடல்சூடும் இல்லை. கூகை சத்தத்தை வைத்தே அதன்மேல் பாய்ந்தது. அதன் காதுத் துளைகள் ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே இருக்கின்றன. இதய வடிவ முகம் சத்தத்தைச் சேர்த்துக் கொடுக்கும் தட்டு.

உருண்டை பிரிக்கும் நாளுக்குத்தான் அதிகக் கூட்டம். களஞ்சியத் தரையில் பொறுக்கியவற்றை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்தோம். ஈரம் பட்டதும் கறுத்த உருண்டை சாம்பல் நிற மயிராக அவிழும். உள்ளே விரல்நுனி அளவு மண்டையோடு. முன்னால் உளி போன்ற பல், அடுத்து வெற்றிடம், அப்புறம் கடைவாய்ப் பல் என்றால் எலி. மூக்கு நீண்டு, பற்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. ஒரே உருண்டையில் மூன்று மண்டைகள் எடுத்த சிறுமி அதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்டாள். அலசி, சீசாவில் போட்டுக் கொடுத்தோம்.

நான்கு குஞ்சுகள் சுமார் எட்டு வாரத்தில் வெளியே பறந்தன. அவற்றில் ஒன்று பிறகு சாலையோரத்தில் இறந்து கிடந்தது. தாழப் பறந்து இரை தேடும் பறவைக்கு வண்டிகள் எமன்தான். இன்னொரு கவலை, பக்கத்து நிலத்தில் வைக்கப்படும் எலி மருந்து. பிரோடிஃபாகூம் போன்றவற்றைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அது எளிய இரை, விஷம் ஈரலில் தங்கிவிடும். நிலத்துக்காரரிடம் இருமுறை பேசினோம், இன்னும் இசையவில்லை. சண்டை போடாமல் மூன்றாம் முறையும் பேச வேண்டும் என்பது என் கருத்து.

சரி, பெட்டி இப்போது காலி. ஜோடி மறுபடி வருமுன் சுத்தம் செய்ய வேண்டும். ஏணி பிடிக்க இருவரும் முகமூடியோடு மேலே ஏற ஒருவரும் தேவை. பெயர் தருபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களும்தான்.

இப்படிக்கு,
செயலாளர்